தன் எதிரிகளைத் தானே வளர்த்த அணி

அமெரிக்கப் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து பற்றிப் பேச்செடுத்தால் இன்றைய ரசிகர்கள் கனெக்டிகட் என்பார்கள், தென் கரோலினா என்பார்கள், கெய்ட்லின் கிளார்க் ஆடிய அயோவாவைச் சொல்வார்கள். டென்னசி என்று முதலில் சொல்பவர்கள் குறைவு. 2008-க்குப் பிறகு 2025 வரை அந்த அணி ஒருமுறைகூடத் தேசியப் போட்டியில் தோற்காமல் எஞ்சும் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வரவில்லை. அதனால் யாரையும் குறை சொல்லவும் முடியாது.

ஆனால் இந்த அணியின் வரலாற்றை நான் நெடுநாளாகப் படித்து வருகிறேன், பழைய ஆட்டப் பதிவுகளைத் தேடித் தேடிப் பார்க்கிறேன். பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் மனதில் அழுத்தமாக நிற்கிறது. இன்று டென்னசியை முந்திப் போகிற அணிகள் டென்னசி போட்ட சாலையில்தான் போகின்றன. நாளைக்கு மற்றவர்களும் இதில் வேகமாக வருவார்கள் என்று தெரிந்தேதான் அந்தச் சாலையைப் போட்டார்கள். எட்டு தேசியப் பட்டங்களைவிட இது பெரிய சாதனை என்பது என் கட்சி.

நாக்ஸ்வில் நகரில் உள்ள டென்னசி பல்கலைக்கழகத்தில் பெண்கள் 1903-லேயே கூடைப்பந்து ஆட ஆரம்பித்துவிட்டார்கள். ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஸ்பிரிங்ஃபீல்டில் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தது 1891 டிசம்பரில். அடுத்த ஆண்டே ஸ்மித் கல்லூரி ஆசிரியை செண்டா பெரன்சன் அதைத் தன் மாணவிகளுக்குக் கொண்டுபோனார். பெண்கள் ஓடிக் களைத்துவிடக் கூடாது, முட்டி மோதக் கூடாது என்று களத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் தன் பகுதிக்குள்ளேயே நிற்க வேண்டும் என்று விதி செய்தார். அந்தக் கோடுகள் பெண்கள் ஆட்டத்தை எத்தனை காலம் கட்டிப் போட்டன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

1920-களின் நடுவில் டென்னசி பல்கலைக்கழகம் பெண்கள் அணியை நிறுத்திவிட்டது. இது அங்கு மட்டும் நடந்ததல்ல. கல்லூரிகளுக்கு இடையே போட்டி வைப்பது பெண்களின் உடலுக்கும் மனதுக்கும் நல்லதல்ல என்று அன்றைய பெண் உடற்கல்வி ஆசிரியைகளே உறுதியாக நம்பினார்கள். 1923-ல் லூ ஹென்றி ஹூவர் தலைமையில் தேசிய அமெச்சூர் விளையாட்டுக் கூட்டமைப்பில் அமைந்த பெண்கள் பிரிவு இந்தக் கருத்தை நாடு முழுக்கப் பரப்பியது. நாலைந்து கல்லூரிப் பெண்கள் ஓரிடத்தில் கூடி, அணிகளைக் கலந்து விளையாடி, தேநீர் குடித்துவிட்டுக் கலைவது போதும் என்றார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆண்கள் விளையாட்டில் புகுந்துவிட்ட பணமும் மோசடியும் பெண்கள் பக்கம் வரக் கூடாதே என்ற கவலை அதில் இருந்தது. ஆனாலும் அந்தக் கவலையின் விலையைக் கட்டியவர்கள் மாணவிகள். டென்னசியில் பெண்கள் அணி திரும்ப வந்தது 1960-ல்.

இந்த இடைவெளியில் அந்த மாநிலப் பெண்கள் கூடைப்பந்தையே மறந்துவிட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கிராமத்துப் பள்ளிகளில் ஆட்டம் வெகு ஜோராக நடந்துகொண்டிருந்தது. நாஷ்வில் நகரில் தட்டச்சும் கணக்கும் சொல்லித் தந்த நாஷ்வில் பிசினஸ் காலேஜ் என்ற ஒரு பயிற்சிப் பள்ளி ஓர் அணி வைத்திருந்தது. 1962 முதல் 1969 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அமெரிக்க அமெச்சூர் பட்டம் அந்த அணிக்குத்தான். அதில் ஆடிய நேரா வைட் என்பவரைத் தங்கள் காலத்தின் தலைசிறந்த வீராங்கனை என்று கூட ஆடியவர்கள் சொல்கிறார்கள். 15 முறை அகில அமெரிக்க அணிக்குத் தேர்வானவர். இன்றைக்கு அவர் பெயரைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? பல்கலைக்கழகம் கதவைச் சாத்திவிட்டால் திறமை எங்கேயோ ஓரிடத்தில் வளரத்தான் செய்யும். வரலாற்றில் அதற்கு இடம் கிடைப்பதுதான் கஷ்டம்.

சரி, 1974-க்கு வருவோம்.

அந்த வருடம் டென்னசி பெண்கள் அணிக்கு உதவிப் பயிற்சியாளராக, முதுகலை படித்துக்கொண்டே வேலை பார்க்க, 22 வயதுப் பெண் ஒருவர் வந்து சேர்ந்தார். தலைமைப் பயிற்சியாளராக இருந்த மார்கரெட் ஹட்சன் மேற்படிப்புக்காக விடுப்பில் போக, தலைமைப் பொறுப்பு அந்தப் பெண்ணின் தலையிலேயே விழுந்தது. பெயர் பாட் ஹெட். திருமணத்துக்குப் பிறகு பாட் சம்மிட்.

கிளார்க்ஸ்வில் பக்கத்துப் பண்ணை வீட்டுப் பெண் அவர். மூன்று அண்ணன்கள், ஒரு தங்கை. அண்ணன்களோடு வைக்கோல் கட்டுத் தூக்கி வளர்ந்தவர். அவர் படிக்க வேண்டிய உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் அணி இல்லை என்பதால், அணி இருக்கிற ஹென்றியட்டாவுக்குக் குடும்பமே வீடு மாறியது. அண்ணன்களுக்கு விளையாட்டு உதவித்தொகை கிடைத்தது. அவர் டென்னசி பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் கிளையில் சேர்ந்தபோது பெண்களுக்கு அப்படி ஒன்று இல்லை, பெற்றோர்தான் பணம் கட்டினார்கள். இந்த ஒரு வேறுபாட்டை அவர் கடைசி வரை மறக்கவில்லை என்று நினைக்கிறேன்.

மாதச் சம்பளம் 250 டாலர். முந்தைய குளிர்காலத்தில் முழங்காலில் தசைநார் அறுந்திருந்தது. 1976 ஒலிம்பிக்கில் ஆட வேண்டும் என்ற ஆசையில் அந்தக் காலைச் சரிசெய்துகொண்டும், முதுகலை படித்துக்கொண்டும், உடற்கல்வி வகுப்பு எடுத்துக்கொண்டும், மிச்ச நேரத்தில்தான் பயிற்சியாளர் வேலை. அணியில் நாலு பேர் அவரைவிட ஒரே ஒரு வயதுதான் இளையவர்கள். வெளியூர் ஆட்டத்துக்கு வேனை அவரே ஓட்டினார். டோனட் விற்ற காசில் வாங்கிய சீருடைகளை அவரே துவைத்தார். 1974 டிசம்பரில் மெர்சர் பல்கலைக்கழகத்தோடு முதல் ஆட்டம். 84-83 என்று ஒரே புள்ளியில் தோற்றார்கள். முதல் வெற்றி ஜனவரியில் மிடில் டென்னசியோடு, 69-32. பார்க்க வந்த கூட்டத்தைப் பெஞ்சு பெஞ்சாக எண்ணிவிடலாம். அந்தப் பருவம் 16 வெற்றி, 8 தோல்வி என்று முடிந்தது.

அடுத்து அவர் ஒலிம்பிக்கிலும் ஆடினார். 1976 மான்ட்ரியலில்தான் பெண்கள் கூடைப்பந்து முதல்முறையாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. இணைத் தலைவியாக வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பி வந்து, மறுபடி வேனில் ஏறினார்.

இதற்கெல்லாம் பின்னணியில் இருந்தது டைட்டில் நைன் என்கிற 1972-ஆம் ஆண்டுச் சட்டம். மத்திய அரசின் பணம் வாங்கும் கல்வி நிலையம் எதிலும் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்பதுதான் அதன் சாரம். விளையாட்டு என்ற சொல்லே அந்தப் பிரிவில் கிடையாது, ஆனால் அதனால் அதிகம் மாறியது விளையாட்டுதான். சட்டம் வந்த மறுநாளே பணம் வந்துவிடவில்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. டென்னசியில் அதைக் கேட்பதற்கென்றே ஓர் இடம் உருவானது. 1976-ல் பெண்கள் விளையாட்டுக்குத் தனித் துறை, தனி இயக்குநர், தனி நிதி என்று பிரித்தார்கள். அணிக்கு லேடி வாலண்டியர்ஸ், சுருக்கமாக லேடி வால்ஸ் என்ற பெயரும் அதே ஆண்டில் வந்தது. முதல் இயக்குநர் குளோரியா ரே. 1983-ல் ஜோன் க்ரோனன் வந்தார். 1960-களின் கடைசியில் இதே அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர். 2012-ல் ஓய்வு பெறும்வரை அந்தத் துறையைக் கட்டிக் காத்தார்.

சம்மிட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தத் தனித் துறையைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பொதுவான ஒரு துறையில் பெண்கள் அணி என்பது கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் பிறகு கையேந்தி நிற்கிற வரிசையில் ஒன்று. நாக்ஸ்வில்லில் அப்படி இல்லை. அந்தத் துறையின் இயக்குநருக்குக் காலையில் எழுந்ததும் கவலைப்பட வேறு அணி ஆண்கள் பக்கம் கிடையாது. பெரிய பல்கலைக்கழகங்களில் டெக்சஸும் இப்படித் தனித் துறை வைத்திருந்தது, அங்கேயும் ஜோடி கான்ராட் தலைமையில் பெண்கள் அணி கொடிகட்டிப் பறந்தது. இரண்டும் தற்செயல் என்று நான் நம்ப மாட்டேன்.

இப்போது அந்தக் கோடுகளுக்கு வருகிறேன். கல்லூரிகள் 1970-களின் தொடக்கத்திலேயே ஐந்து பேர் ஆடும் முழுக்கள ஆட்டத்துக்கு வந்துவிட்டன. டென்னசி மாநில உயர்நிலைப் பள்ளிகளிலோ பெண்கள் இன்னும் ஆறு பேராக ஆடிக்கொண்டிருந்தார்கள். மூவர் பந்து போட மட்டும், மூவர் தடுக்க மட்டும். நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. தடுக்கிற பெண் பள்ளிக்காலம் முழுவதும் ஒரு பந்துகூடக் கூடைக்குள் போடாமலேயே படித்து முடித்துவிடலாம். கல்லூரி அணிகளுக்கு அப்படிப்பட்டவர் எதற்கு? ஓக் ரிட்ஜ் ஊர் மாணவி ஒருத்தி இதை எதிர்த்து நீதிமன்றத்துக்கே போனாள். ஆறு பேர் விதியால் எனக்கு உதவித்தொகை வாய்ப்பு பறிபோகிறது என்பதுதான் அவள் வாதம். 1976-ல் கீழ் நீதிமன்றம் அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 1977-ல் மேல்முறையீட்டில் அது தள்ளுபடியானது.

அதற்குப் பிறகுதான் சம்மிட் தன் கையில் இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தார். விதியை மாற்றாவிட்டால் டென்னசி மாநிலப் பெண்களை அணிக்கு எடுப்பதையே நிறுத்திவிடுவேன் என்று பள்ளி விளையாட்டுச் சங்கத்திடம் சொன்னார். யோசித்துப் பாருங்கள். அரசுப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர், வயது முப்பதுகூட ஆகவில்லை, சொந்த மாநிலத்துப் பிள்ளைகளை எடுக்க மாட்டேன் என்கிறார். உள்ளூர்ப் பெற்றோர்கள் கொதித்திருப்பார்கள். ஆறு பேர் ஆட்டம்தான் எங்கள் பண்பாடு, அதில்தான் கூட்டம் வருகிறது என்று சொல்லப் பல ஊர்கள் இருந்தன. ஆனாலும் 1979-80 பருவத்தில் ஐந்து பேர் ஆட்டம் வந்துவிட்டது. அயோவா 1993 வரையும் ஓக்லஹோமா 1995 வரையும் ஆறு பேரை விடாமல் வைத்திருந்ததைப் பார்த்தால், அவர் எத்தனை வருடத்தைச் சேமித்துக் கொடுத்தார் என்பது புரியும். அந்த மாற்றத்தால் பலன் பெற்ற பெண்கள் எல்லோரும் டென்னசிக்கு ஆடவில்லை. அதே மாநிலத்தின் வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள், மற்ற மாநிலங்களுக்குப் போனார்கள், அங்கிருந்து வந்து டென்னசியை எதிர்த்தும் ஆடினார்கள்.

பட்டங்கள் உடனே வந்துவிடவில்லை. ஏ.ஐ.ஏ.டபிள்யூ என்ற பெண்கள் சங்கம் தேசியப் போட்டி நடத்திய காலத்தில் 1980-ல் ஓல்ட் டொமினியனிடமும் 1981-ல் லூசியானா டெக்கிடமும் இறுதி ஆட்டத்தில் தோற்றார்கள். 1982-ல் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசியச் சங்கமான என்.சி.ஏ.ஏ பெண்களுக்கும் தன் போட்டியை ஆரம்பித்தது, பழைய சங்கம் அதோடு மூடப்பட்டது. 1984-ல் செரில் மில்லர் ஆடிய தென் கலிஃபோர்னியாவிடம் மறுபடி இறுதித் தோல்வி. அதே வருடம் லாஸ் ஏஞ்சலிஸில் அமெரிக்கப் பெண்கள் அணியை ஒலிம்பிக் தங்கத்துக்கு அழைத்துப் போனவர் சம்மிட்தான். நாட்டுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர், கல்லூரிக்கு ஒரு கோப்பை வாங்கித் தரவில்லையே என்று நாக்ஸ்வில்லில் முணுமுணுப்பு இருந்தது. 1987-ல் ஆஸ்டின் நகரில் லூசியானா டெக்கை 67-44 என்று நசுக்கியதோடு அது அடங்கியது. பிறகு 1989, 1991.

1987-லேயே தாம்சன்-போலிங் அரங்கமும் திறந்தது. அந்த டிசம்பர் 9-ஆம் தேதி டெக்சஸோடு நடந்த ஆட்டத்துக்கு 24,563 பேர் வந்தார்கள். பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து அதுவரை கண்டிராத கூட்டம். பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் காலிப் பெஞ்சுகளுக்கு ஆடிய அணி அது. அன்று ஜெயித்தது டெக்சஸ்! அதனால் என்ன, அத்தனை பேர் டிக்கெட் வாங்கி வந்தார்கள் என்ற செய்தி மற்ற பல்கலைக்கழகங்களின் நிர்வாகிகள் காதில் விழுந்தது. அதுதான் முக்கியம்.

இந்த இடத்தில் ஒரு கதையைச் சொல்லாமல் போக முடியாது. 1990-ல் பெண்கள் இறுதிச் சுற்று நாக்ஸ்வில்லிலேயே நடந்தது. சொந்த அரங்கில் ஆடலாம் என்ற கனவோடு இருந்த டென்னசியை அதற்கு ஒரு படி முன்னால் வர்ஜீனியா கூடுதல் நேரத்தில் வீழ்த்தியது. அந்தச் செப்டம்பரில் நிறைமாதக் கர்ப்பிணியான சம்மிட், மிஷெல் மார்சினியாக் என்ற பள்ளி மாணவியை அணியில் சேர்க்கப் பென்சில்வேனியாவுக்குப் பறந்தார். அந்த வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே பிரசவத்துக்கான அறிகுறி தொடங்கிவிட்டது. பேச வந்ததைப் பேசிவிட்டே கிளம்பினார். விமானத்தில் வலி கூடியபோது விமானிகள் வர்ஜீனியாவில் இறக்கவா என்று கேட்டார்கள். வர்ஜீனியாவிலா? கூடவே கூடாது. நாக்ஸ்வில் வந்துதான் பிள்ளை பெற்றார். மார்சினியாக் முதலில் நோட்ரடாம் போய்ப் பிறகு டென்னசிக்கு மாறி வந்து, 1996 பட்டத்தில் இறுதிச் சுற்றின் சிறந்த வீராங்கனை ஆனார்.

சம்மிட்டின் கண்டிப்பு உலகறிந்தது. அந்த முறைப்புப் பார்வையைப் படங்களில் பார்த்தாலே நமக்கு முதுகு நிமிரும். ஆண்களை வரவழைத்துப் பெண்களோடு பயிற்சியில் மோதவிடுவார். வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள்தான் உட்கார வேண்டும், வகுப்புக்கு மட்டம் போட்டால் ஆட்டம் கிடையாது. அப்படிப்பட்டவரைப் பிள்ளைகள் பாட் என்று பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள், அவரே அப்படிக் கூப்பிடச் சொல்லியிருந்தார். அந்தக் கண்டிப்பு சில சமயம் எல்லை மீறியது என்றே நான் நினைக்கிறேன். 18 வயதுப் பெண்ணைக் கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தித் திட்டுவதை இன்று யாரும் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் வேண்டாம். ஆனால் நான்கு வருடமும் முழுதாக ஆடி முடித்த ஒவ்வொரு மாணவியும் பட்டம் வாங்கிவிட்டே வெளியே போனாள் என்பதும் அதே கண்டிப்பின் பலன். 38 பருவங்களில் அதற்கு விதிவிலக்கே இல்லை.

1996, 1997, 1998 என்று தொடர்ந்து மூன்று பட்டங்கள். எல்லோரும் கொண்டாடுவது 1998 அணியை. 39 ஆட்டம், 39 வெற்றி. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் பாட்டி வளர்த்த பெண் ஷமீக் ஹோல்ட்ஸ்க்ளா மூன்றாம் ஆண்டில் இருந்தார். அவரோடு முதலாண்டு மாணவிகள் டமீகா கேச்சிங்ஸும் செமீகா ராண்டலும் சேர, மூவரையும் மீக்ஸ் என்றே கூப்பிட்டார்கள். கேச்சிங்ஸுக்குப் பிறவியிலேயே காது சரியாகக் கேட்காது. சின்ன வயதில் கேலிக்குப் பயந்து காதுக் கருவியைத் தூக்கி எறிந்தவரை, அதை மறுபடி போட்டுக்கொள்ளச் சொல்லி ஊக்கம் கொடுத்தது நாக்ஸ்வில். அந்த வருட ஆட்டங்களைப் பார்த்தால் மூச்சு வாங்கும். முழுக்களத்தில் நெருக்குவார்கள், பந்தைப் பறிப்பார்கள், எதிரணி என்ன நடந்தது என்று யோசிப்பதற்குள் பத்துப் புள்ளி ஓடியிருக்கும். வட கரோலினாவோடு மண்டல இறுதியில் மட்டும் 12 புள்ளி பின்தங்கி, கடைசிச் சில நிமிடங்களில் மீண்டு 76-70 என்று தப்பித்தார்கள்.

எனக்கு மிகப் பிடித்தது அதற்கு முந்தைய 1997 அணி. அந்தப் பருவத்தில் பத்து ஆட்டம் தோற்றார்கள். பத்துத் தோல்வியோடு பட்டம் வென்ற வேறு பெண்கள் அணி இல்லை. பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை வழிநடத்தும் பாயிண்ட் கார்ட் கெல்லி ஜாலி முழங்கால் தசைநார் அறுந்து பருவத்தின் முற்பாதியை வெளியே உட்கார்ந்து கழித்தார். டென்னசி முடிந்தது என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். மார்ச்சில், அதுவரை ஒரு ஆட்டம்கூடத் தோற்காத கனெக்டிகட்டை 91-81 என்று வென்றார்கள். அப்புறம் இறுதி ஆட்டத்தில் ஓல்ட் டொமினியனை 68-59. பயிற்சியாளராக சம்மிட்டின் மிகச் சிறந்த வேலை அந்த ஆண்டுதான் என்பேன். 1998-ல் அவரிடம் திறமை கொட்டிக் கிடந்தது. 1997-ல் கையில் இருந்ததை வைத்து ஐந்து மாதம் தைத்துத் தைத்து ஓர் அணியைச் செய்தார்.

கனெக்டிகட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1995 ஜனவரி 16, மார்ட்டின் லூதர் கிங் விடுமுறை நாள். அன்று ஒரு பெரிய பெண்கள் ஆட்டத்தை நாடு முழுக்க ஒளிபரப்ப வேண்டும் என்று இ.எஸ்.பி.என் விளையாட்டுத் தொலைக்காட்சி விரும்பியது. பயிற்சியாளர் ஜீனோ ஆரியெம்மாவின் கனெக்டிகட் அப்போது மேலேறி வருகிற அணி. பருவத்தின் நடுவில், அதுவும் அவர்கள் சொந்தக் களத்தில் போய் ஆட யார் ஒத்துக்கொள்வார்கள்? டென்னசி ஒத்துக்கொண்டது. இந்த ஆட்டத்துக்கு இது நல்லது, அதனால் வருகிறோம் என்பதே சம்மிட்டின் நிலை. முதலிடத்தில் இருந்த டென்னசி 77-66 என்று தோற்றது. கனெக்டிகட் முதலிடத்துக்கு ஏறியது, ஏப்ரலில் மினியாபொலிஸில் நடந்த இறுதி ஆட்டத்தில் மறுபடி டென்னசியை 70-64 என்று வென்று 35-0 என்று பருவத்தை முடித்தது. கனெக்டிகட்டின் முதல் பட்டம் அது.

அடுத்த பன்னிரண்டு வருடம் இந்த இரண்டு அணிகள் மோதுவதுதான் பெண்கள் கூடைப்பந்தின் திருவிழா. மொத்தம் 22 ஆட்டம், கனெக்டிகட் 13, டென்னசி 9. 2000, 2003, 2004 என்று மூன்று இறுதி ஆட்டங்களிலும் டென்னசிக்குத் தோல்வி. தொலைக்காட்சிக்கு ஆள் சேர்த்தது இந்தப் பகைதான். பெரிய பகை இல்லாத ஆட்டத்தை ஜனங்கள் உட்கார்ந்து பார்ப்பதில்லை, சம்மிட் தன் கையாலேயே அந்தப் பகையை வாங்கி வந்தார்.

2007-ல் அதை நிறுத்தியவரும் அவர்தான். ஆட்களைச் சேர்ப்பதில் கனெக்டிகட்டின் நடைமுறைகள் மீது டென்னசிக்குக் கோபம் இருந்தது. முழுக் காரணத்தை அவர் பொதுவில் விரித்துச் சொல்லவில்லை. இந்த ஒரு முடிவில் எனக்கு அவரோடு உடன்பாடு கிடையாது. 1995-ல் தன் அணிக்கு நட்டம் வந்தாலும் சரி என்று போனவர், 2007-ல் தன் அணியின் கோபத்துக்காக எல்லோருக்கும் சொந்தமான ஒன்றை மூடினார். 2020-ல்தான் அந்த மோதல் திரும்ப வந்தது. இடையில் ஒரு தலைமுறை ரசிகர்களுக்கு அது கிடைக்காமல் போனது.

ஆண்கள் அணிக்குப் பயிற்சியாளராக வருகிறீர்களா என்று 1994-லும் 2001-லும் அவரிடம் பேச்சு வந்தது. அதை ஏன் பதவி உயர்வு என்று நினைக்கிறீர்கள் என்பது அவர் பதிலின் சாரம். 2005-ல் வட கரோலினா ஆண்கள் அணிப் பயிற்சியாளர் டீன் ஸ்மித் வைத்திருந்த 879 வெற்றிகளைத் தாண்டியபோது அரங்கின் ஆடுதளத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். 2006-ல் ஆண்டுச் சம்பளம் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர்களில் முதல் ஆள். 250 டாலரில் ஆரம்பித்த சம்பளம் அது, அவருக்குப் பின்னால் வந்த மற்ற பயிற்சியாளர்கள் சம்பளம் பேச உட்கார்ந்தபோது அவர்களுக்கு அந்த எண் பயன்பட்டது.

கேண்டஸ் பார்க்கர் காலத்தில் கடைசி இரண்டு பட்டங்கள் வந்தன, 2007, 2008. தேசியப் போட்டி ஆட்டத்தில் டங்க் செய்த, அதாவது எம்பிப் பந்தைக் கையாலேயே கூடைக்குள் திணித்த, முதல் பெண் பார்க்கர், 2006-ல் ராணுவக் கல்லூரியின் ஆர்மி அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை செய்தார். 2008 மண்டல இறுதியில் தோள்மூட்டு நழுவி, சரிசெய்துகொண்டு, திரும்ப வந்து ஆடினார். அரையிறுதியில் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தோடு 47-46. ஒரு நொடிகூட மிச்சமில்லாத நேரத்தில் அலெக்சிஸ் ஹார்ன்பக்கிள் பந்தைத் திருப்பிப் போட்டதால் பிழைத்த ஆட்டம். அழகான ஆட்டம் என்று சொல்ல முடியாது, ஆனால் அந்தத் தடுப்பாட்டத்தைப் பார்க்க வேண்டும்.

2011 ஆகஸ்டில் தனக்கு அல்சைமர் நோய் என்று சம்மிட் அறிவித்தார். வயது 59. மறைக்கவில்லை, உடனே விலகவும் இல்லை. அந்தப் பருவம் முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், பெரும்பாலான வேலைகளை ஹாலி வார்லிக் பார்த்தார். வார்லிக் ஓட்டப்பந்தய உதவித்தொகையில் டென்னசிக்கு வந்து, கூடைப்பந்து அணியில் இடம் பிடித்து, அவர் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று ஜெர்சிக்கே ஓய்வு தரும் அளவுக்கு ஆடி, 27 பருவங்கள் சம்மிட்டுக்கு உதவியாளராக இருந்தவர். அந்த மார்ச்சில் அவர்களை வெளியேற்றியது பேலர் அணி. அதன் பயிற்சியாளர் கிம் மல்கி 1984 ஒலிம்பிக்கில் சம்மிட்டிடம் ஆடியவர். 2012 ஏப்ரலில் சம்மிட் பொறுப்பிலிருந்து விலகினார். 1,098 வெற்றி, 208 தோல்வி. 2016 ஜூன் 28 அன்று காலமானார்.

பிறகு நடந்ததை நான் வருத்தத்தோடுதான் கவனித்து வந்திருக்கிறேன். ஜோன் க்ரோனன் ஓய்வு பெற்ற சமயத்திலேயே பெண்கள் துறையை ஆண்கள் துறையோடு இணைத்தார்கள். கூடைப்பந்தைத் தவிர மற்றப் பெண்கள் அணிகள் லேடி வால்ஸ் என்ற பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று 2014-ல் அறிவித்தார்கள். முன்னாள் மாணவிகளும் ரசிகர்களும் விடாமல் போராடி 2017-ல் அதைத் திருப்பி வாங்கினார்கள். பெயர் திரும்ப வந்தது, தனித் துறை திரும்பவில்லை.

வார்லிக் ஏழு பருவம் இருந்தார், மூன்று முறை கடைசி எட்டு வரை கொண்டுபோனார். 2019-ல் கெல்லி ஹார்ப்பர் வந்தார், 1997-ல் முழங்காலோடு போராடிய அதே கெல்லி ஜாலி. ஐந்து பருவத்துக்குப் பிறகு அவரையும் விடுவித்தார்கள். இருவரும் மோசமான பயிற்சியாளர்கள் இல்லை. ஆனால் அவர்கள் காலத்தில் எதிரே நின்றவர்கள் யார்? டான் ஸ்டேலியின் தென் கரோலினாவில் அரங்கம் நிறைகிறது, நல்ல சம்பளம் இருக்கிறது, தொலைக்காட்சி இருக்கிறது, ஊரே சேர்ந்து அணியைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. இதெல்லாம் பெண்கள் அணிக்குச் சாத்தியம் என்று முதலில் காட்டிய ஊர் நாக்ஸ்வில். நாக்ஸ்வில்லில் மட்டும் கிடைத்த ஒன்று பத்து ஊரில் கிடைக்கும்போது நல்ல ஆட்டக்காரிகள் பத்து ஊருக்கும் போவார்கள். இதைச் சரிவு என்று எழுதுகிறவர்களோடு நான் சண்டைக்குப் போவேன். 1982-ல் தொடங்கி 2025 வரை நடந்த ஒவ்வொரு என்.சி.ஏ.ஏ பெண்கள் போட்டியிலும் ஆடிய ஒரே அணி இப்போதும் டென்னசிதான்.

2024-ல் பல்கலைக்கழகம் மார்ஷல் பல்கலைக்கழகத்தில் இருந்து கிம் கால்டுவெல்லைக் கூட்டி வந்தது. சம்மிட்டிடம் ஆடாத, அவரிடம் வேலை பார்க்காத ஒருவர் இந்த அணிக்குத் தலைமை ஏற்பது 1974-க்குப் பிறகு இதுதான் முதல் தடவை. முந்தைய அனுபவம் பெரும்பாலும் இரண்டாம் நிலைக் கல்லூரியில். ஐந்து பேரையும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்டே இருப்பார், நாற்பது நிமிடமும் முழுக்களத்தில் நெருக்குவார், மூன்று புள்ளிப் பந்துகளை மழையாகப் பொழிய வைப்பார். முதல் டிசம்பரிலேயே ஒரே ஆட்டத்தில் 30 மூன்று புள்ளிகள் போட்டுத் தேசியச் சாதனை படைத்தார்கள். 2025 ஜனவரியில் பிள்ளை பெற்று ஒரே ஒரு ஆட்டத்தைத் தவறவிட்டுத் திரும்பி வந்தார். பிப்ரவரியில் கனெக்டிகட்டை 80-76 என்று வென்றார்கள், 2007-க்குப் பிறகு முதல் தடவையாக. கடைசிப் பதினாறில் டெக்சஸிடம் தோற்று அந்தப் பருவம் முடிந்தது.

குடும்பத்துக்கு வெளியே போய் ஆள் எடுத்தது பழைய ரசிகர்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அது சரியான முடிவாகவே தெரிகிறது. 1974-ல் அவர்கள் எடுத்ததும் யாருக்கும் தெரியாத ஒரு பெண்ணைத்தான். கால்டுவெல்லின் முறை பெரிய அணிகளுக்கு எதிராக ஒரு பருவம் முழுக்கத் தாங்குமா என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. ஐந்து பேரை மாற்றுகிற நேரத்தில் எதிரணி பந்தைச் சுலபமாகக் கடத்திவிடுகிறது, கூடையில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்க, ரீபவுண்டில், ஆள் போதவில்லை. அதையெல்லாம் சரிசெய்ய அவருக்கு இரண்டு மூன்று வருடமாவது கொடுக்க வேண்டும். சம்மிட்டுக்கே முதல் பட்டம் வரப் பதின்மூன்று பருவம் ஆனது.